மகாராணிக்கு 300 ரூபிள், கிழவனுக்கு ஒரு வாட்டர் பாட்டில்

வணக்கம் மக்களே! மூஞ்சி ஏன் இப்படி இருக்குன்னு கேக்காதீங்க, நானே சொல்றேன். ரஷ்யாவுல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்து மூணாவது நாள். இன்னிக்கு ஒரு மகாராணி என்கிட்ட 1000 ரூபிள் கேட்டாங்க.

அரண்மனைச் சதுக்கத்துல ரஷ்யாவை ஆண்ட மகா பீட்டர் வேஷத்துல ஒருத்தர், ரெண்டாம் கேத்தரின் மகாராணி வேஷத்துல ஒரு அக்கா. விக்கு, விசிறி, இந்தா அகலத்துக்குக் கூண்டுப் பாவாடை. அக்கா சிரிச்சுக்கிட்டே வந்து என் கையைக் கோத்துக்கிட்டாங்க. நம்மதான் யாராவது சிரிச்சா பின்னாடியே போற ஆளாச்சே, ஊட்டி வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும். ரெண்டு போட்டோ எடுத்தாச்சு. அப்புறம் செல்போனை எடுத்துக் கால்குலேட்டர்ல 1000-னு காட்டுறாங்க! ரூபிள் கிட்டத்தட்ட நம்ம ரூபாய் மாதிரிதான், கணக்குப் போட்டுக்கோங்க. நம்ம ஊர் பேங்க் தர்ற விசா, மாஸ்டர்கார்டு கார்டெல்லாம் 2022 மார்ச்லேந்து இங்க செல்லாது. கையில இருக்கற காசை எண்ணி எண்ணிச் செலவு பண்றேன். நான் 100 அடிச்சுக் காட்டினேன், அவங்க 700 அடிச்சாங்க, நான் 200... பாவாடைக்குக் கீழ பாத்தா ஸ்போர்ட்ஸ் ஷூ! அத பாத்துச் சிரிச்சேன் பாருங்க, அங்கதான் தோத்தேன். 300-ல முடிஞ்சுது. 300! அதுல தட்டு நிறைய பிஷ்கி வாங்கிச் சாப்பிட்டிருக்கலாம். இங்க சுடச்சுடப் பொரிச்சு சர்க்கரைப் பொடி தூவித் தருவாங்களே, நேத்து வாயெல்லாம் வெள்ளையா நின்னேனே, அதேதான்.

இன்னொண்ணு. ரூமுக்கு வந்து படிச்சா, பீட்டர் செத்தது 1725. இந்த ரெண்டாம் கேத்தரின் பொறந்ததே 1729. ரெண்டு பேரும் ஜோடி போட்டு நிக்கிறாங்க, நானும் நடுவுல நின்னு பல்லைக் காட்டிட்டு வந்திருக்கேன்.

சரி, சதுக்கத்துக்கு வருவோம். நேத்து வேன் ஆத்துப் பக்கம் இறக்கி விட்டுச்சு. அப்படி மட்டும் போயிடாதீங்க. ஏதோ பெரிய மைதானம் மாதிரிதான் தெரியுது, "இவ்ளோதானா"ன்னு ஆயிடுச்சு எனக்கு. நெவ்ஸ்கி ரோட்டுல வந்து பல்ஷாயா மர்ஸ்காயா தெருவுல திரும்புங்க. தெரு வளையும், மேல ஒரு ஆர்ச் வரும், அதுக்குள்ள இன்னொரு ஆர்ச். நிழல்ல நடந்துக்கிட்டே இருக்கீங்க, எதிர்ல திடீர்னு வெளிச்சம், நட்ட நடுவுல செவப்புத் தூண், அதுக்குப் பின்னாடி பச்சையும் வெள்ளையுமா குளிர்கால அரண்மனை. எனக்குப் புல்லரிச்சிடுச்சு! இத்தாலிக்காரர் கார்லோ ரோஸி கட்டினது அந்த வளைவுக் கட்டடம். வில்லு மாதிரி 580 மீட்டர். அரண்மனையை விட எனக்கு அந்த மஞ்சள் வில்லுதான் பிடிச்சுது, திட்டுறவங்க திட்டிக்கோங்க.

ஐயோ, ஆர்ச் மேல இருக்கறதச் சொல்லலியே. ஆறு குதிரை பூட்டின ரதம். உள்ளேந்து வரும்போது தெரியாது, சதுக்கத்துக்கு வந்து திரும்பிப் பாக்கணும். பாருங்க, மறக்காம.

இப்ப தூண். அலெக்சாண்டர் தூண், மொத்தம் 47.5 மீட்டர். தண்டு ஒரே கல்லு, 600 டன். பின்லாந்துப் பக்கத்துக் கல்குவாரியிலேந்து கொண்டுவந்து, 1832-ல ரெண்டாயிரம் சிப்பாய்ங்க கயிறு இழுத்து, ரெண்டு மணி நேரத்துக்குள்ள நிமித்தி வச்சுட்டாங்க. பீடத்தோட எதுவும் முடுக்கல மக்களே, சொந்த வெயிட்லதான் நிக்குது! ஊர்க்காரங்க விழுந்துடும்னு பயந்தாங்களாம். கட்டின மோன்ஃபெராண்ட் தினம் நாயைக் கூட்டிக்கிட்டு அதுக்கு அடியிலயே வாக்கிங் போனார்னு ஒரு கதை.

இதை நான் கேமராவுல சொல்லிட்டிருக்கும்போதே காத்தடிச்சு நம்ம கிழவன், அதாவது கேமரா நிக்கிற ட்ரைபாட், குப்புற விழுந்தான். கசான் ஊர்லயே ஒரு காலோட ரப்பர் போச்சே, அந்தக் காலு வாரிடுச்சு. லென்ஸ் ஓரத்துல நகக்கீறல் மாதிரி ஒரு கோடு, இப்பவும் வலது மூலையில தெரியும் பாருங்க. 600 டன் ஆடாம நிக்குது, இவன் ரெண்டு கிலோ!

இந்தச் சதுக்கத்துலயும் சுத்தியிருக்கற தெருவுலயும்தான் 1905 ஜனவரியில மனு கொடுக்க வந்த தொழிலாளிங்களைச் சுட்டாங்க. அத யோசிச்சுட்டுப் போட்டோ எடுக்க மனசு வரல, கொஞ்ச நேரம் சும்மா நின்னேன்.

அங்கேந்து நடந்தே செனட் சதுக்கம். என் ஓட்டு இதுக்குத்தான்! ஆத்தங்கரை, மரம், குதிரை மேல பீட்டர். அடியில இருக்கற பாறை ஆயிரம் டன்னுக்கும் மேல. வெண்கல உருண்டைங்களை வச்சு, 400 பேர் பனியில கடல் வரைக்கும் உருட்டிட்டு வந்தாங்க. சிலை செஞ்சது ஃபால்கோனே, ஆனா தலை செஞ்சது 18 வயசுல அவர்கூட ரஷ்யா வந்த மாணவி மரீ-ஆன் கொல்லோ. 1782-ல அசல் கேத்தரின் பீட்டருக்குன்னு செஞ்சு வச்சாங்க. நகல் கேத்தரின் என்கிட்ட 300 வாங்கிட்டாங்க.

கிட்டப் போய்ப் பின்பக்கம் பாருங்க. குதிரை முன்னங்காலைத் தூக்கிட்டு நிக்குதுல்ல, அதோட வாலு கீழ நசுங்கின பாம்பு மேல பட்டுட்டு இருக்கு. அலங்காரம்னு நினைச்சேன். இல்ல, அதுதான் மூணாவது முட்டு!

ஐசக் சதுக்கம் எனக்குப் பிடிக்கல. ஐசக் கோயில், அதாவது பெரிய சர்ச், பிரமாதம், 101.5 மீட்டர் உயரம். ஆனா சுத்தி ஒரே காரும் பஸ்ஸும், நின்னு பாக்க விடுதா? அங்க ஒரு விஷயம்தான் ரசிச்சேன். 1825 டிசம்பர்ல செனட் சதுக்கத்துல கிளர்ச்சி பண்ணவங்க மேல பீரங்கி விட்ட மன்னர் முதலாம் நிக்கலாயும் இங்க சிலையா குதிரை மேலதான். கோயிலுக்கு அந்தப் பக்கம் பீட்டர், இந்தப் பக்கம் இவர், ரெண்டு பேரும் ஒரே திசையில போறாங்க. "முட்டாள் புத்திசாலியைத் துரத்துறான், ஐசக் மறிக்கிறார்"னு ஊர்க்காரங்க கிண்டல். ஆனா இந்தக் குதிரைக்கு வாலு முட்டெல்லாம் கிடையாது, பின்னங்கால் ரெண்டுலயே நிக்குது. அதையும் சொல்லணும்ல.

இப்ப ராத்திரி பத்தரை, வெளிச்சம் அப்படியே இருக்கு, ஜூன் மாசம் இப்படித்தான். திரும்ப அரண்மனைச் சதுக்கம் வந்துட்டேன். கிழவனுக்கும் ஒரு பாம்பு வேணும்னு ஒன்றரை லிட்டர் வாட்டர் பாட்டிலை நடுவுல கட்டித் தொங்க விட்டிருக்கேன். நிக்கிறான்! காத்தடிக்குது, நிக்கிறான்!

இருங்க இருங்க, பின்னாடி பாருங்க... ஜீன்ஸ் போட்டுக்கிட்டு, தோள்ல பாவாடைக் கூண்டை மாட்டிக்கிட்டு யார் போறாங்கன்னு! அக்கா! ஏ அக்கா! கை காட்டுறாங்க பாருங்க... வர்றாங்களா? ஐயோ, இங்கதான் வர்றாங்க. கட் பண்றேன்.