மல்லார்ட் ஏன் அவ்வளவு வேகமாக ஓடியது? ஸ்ட்ரீம்லைன் நீராவி எஞ்சின்களின் வரலாறு

[திரையில்: யார்க் அருங்காட்சியகத்தில் மல்லார்ட் எஞ்சின், பக்கவாட்டுத் தோற்றம்]

வணக்கம். இங்கிலாந்தின் யார்க் நகரில் உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கும் இந்த நீல நிற எஞ்சினின் பெயர் மல்லார்ட். 1938ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி இது மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. நீராவி எஞ்சின்களில் அதற்கு மேற்பட்ட வேகம் இன்றுவரை முறையாகப் பதிவாகவில்லை. சரிந்து இறங்கும் முகப்பையும், சக்கரங்களைப் பாதி மறைக்கும் வளைந்த தகடுகளையும் பார்க்கும் எவரும் அந்த வேகத்துக்கு, காற்றை எளிதாகக் கிழிக்கும் இந்த ஸ்ட்ரீம்லைன் வடிவமே காரணம் என்றுதான் நினைப்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி இந்தத் தகட்டு உறைக்கு உள்ளே, நீராவி செல்லும் பாதையில் இருக்கிறது. அந்த மறுபாதியையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், இந்த எஞ்சின்களை உருவாக்கியவர்களின் உழைப்பில் பெரும்பகுதி கணக்கில் வராமலே போய்விடும்.

முதலில் காற்றைப் பார்ப்போம். ஓடும் ரயிலுக்குக் காற்று தரும் எதிர்ப்பு, வேகத்தின் இருமடியாக உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்ல எஞ்சின் தர வேண்டிய திறனோ எட்டு மடங்காகும். ஆகவே மணிக்கு 60 அல்லது 70 கிலோமீட்டரில் ஓடும் ரயிலுக்கு முகப்பு எப்படி இருந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. 150 கிலோமீட்டரைத் தாண்டும்போதுதான் எஞ்சினின் உழைப்பில் கணிசமான பங்கு காற்றைத் தள்ளுவதிலேயே செலவாகத் தொடங்குகிறது.

பொறியாளர்கள் இதை வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். ஜெர்மனியின் மாஃபெய் நிறுவனம் 1906இல் பவேரிய ரயில்வேக்காகக் கட்டிய எஸ் 2/6 எஞ்சினுக்குக் கூம்பு முகப்பு இருந்தது. அது 1907இல் மணிக்கு 154.5 கிலோமீட்டரை எட்டியது. ஆனால் அன்றாட ரயில்கள் அந்த வேகத்துக்கு அருகில்கூட ஓடாததால், அந்த முயற்சி ஒற்றை எஞ்சினோடு நின்றது.

நிலைமையை மாற்றியது டீசல். 1933 மே மாதம் பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே ‘பறக்கும் ஹாம்பர்க்கர்’ என்ற இரண்டு பெட்டி டீசல் ரயில் ஓடத் தொடங்கியது. 286 கிலோமீட்டர் தூரத்தை அது 138 நிமிடங்களில் கடந்தது. நீராவிக்கு எதிர்காலம் இல்லையோ என்ற கேள்வி, உலகின் ரயில்வே நிர்வாகிகள் அனைவர் முன்னும் அப்போதுதான் நேரடியாக வந்து நின்றது.

[திரையில்: லண்டன் – நியூகாசில் பாதையின் வரைபடம்]

லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் தலைமை இயந்திரப் பொறியாளர் நைஜல் கிரெஸ்லி, ஜெர்மனிக்குச் சென்று அந்த டீசல் ரயிலில் பயணம் செய்து பார்த்தார். லண்டனிலிருந்து நியூகாசிலுக்கு அதே போன்ற டீசல் ரயில் விட்டால் நான்கேகால் மணி நேரம் ஆகும் என்று தயாரிப்பாளர்கள் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். பெட்டிகளோ நெருக்கமானவை, வசதியான இருக்கைக்கும் முழுச் சாப்பாட்டுக்கும் பழகிய பயணிகளிடம் அதை விற்பது எளிதல்ல. அந்த நிலையில், நம்மிடம் உள்ள நீராவி எஞ்சினால் இந்த வேகத்தைத் தர முடியாதா என்று கேட்டவர் நிறுவனத்தின் தலைமைப் பொது மேலாளர் சர் ரால்ஃப் வெட்ஜ்வுட்.

பதிலைத் தேட 1935 மார்ச் 5ஆம் தேதி ஒரு சோதனை ஓட்டம் நடத்தினார்கள். பாபிரஸ் என்ற எஞ்சின் லண்டனிலிருந்து நியூகாசிலுக்குச் சென்று திரும்பியது. இரண்டு திசையிலும் நான்கு மணி நேரத்துக்குள் முடித்தது. வழியில் மணிக்கு 108 மைலைத் தொட்டது. அதாவது சுமார் 174 கிலோமீட்டர். பாபிரஸ் உருண்டைக் கொதிகலனும் நிமிர்ந்த புகைப்போக்கியும் கொண்ட, உறை எதுவும் போடாத வழக்கமான எஞ்சின் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். உறை வருவதற்கு முன்பே வேகம் வந்துவிட்டது. அந்த வேகத்தை ஒரு நாள் சாதனையாக விட்டுவிடாமல், குறைந்த நிலக்கரியில் நாள்தோறும் எட்டச் செய்வதுதான் கிரெஸ்லிக்கு முன்னிருந்த வேலை.

அந்த வேலையின் விளைவே ஏ4 வகை. ஃபிரான்சில் புகாட்டி கட்டிய ரயில்கார்களின் முகப்பைப் பார்த்து, அதன் வழியில் சரிவான முகப்பை அமைத்தார்கள். காற்றுச் சுரங்கத்தில் மாதிரிகளை வைத்துச் சோதித்தார்கள். அந்தச் சரிவு காற்றைப் பிளப்பதோடு இன்னொரு வேலையும் செய்தது. வேகமாக ஓடும் எஞ்சினில் புகை கீழே படிந்து டிரைவரின் பார்வையை மறைப்பது ஆபத்தான குறை. ஏ4இன் முகப்பு காற்றை மேல்நோக்கி எழுப்பிப் புகையையும் கூடவே தூக்கிவிட்டது. என் பார்வையில் அந்த வடிவம் தந்த மிகப் பெரிய நன்மை இதுதான், ஏனென்றால் இது எல்லா வேகத்திலும் டிரைவருக்குப் பயன்பட்டது.

முதல் ஏ4 ஆன சில்வர் லிங்க், 1935 செப்டம்பர் 27 அன்று பத்திரிகையாளர்களை ஏற்றிச் சென்ற ஓட்டத்திலேயே 112.5 மைலைத் தொட்டது. மூன்று நாள் கழித்து, லண்டன் – நியூகாசில் பயணத்தை நான்கு மணி நேரத்தில் முடிக்கும் ‘சில்வர் ஜூபிலி’ ரயில் சேவைக்கு வந்தது. அடுத்த எஞ்சின் தயாராகும்வரை, முதல் இரண்டு வாரங்களும் சில்வர் லிங்க் ஒன்றே அந்தச் சேவையைத் தனியாக இழுத்தது.

இப்போது உறைக்குள் வருவோம். கொதிகலனில் உருவாகும் நீராவி, குழாய்கள் வழியாகச் சிலிண்டருக்குப் போய், பிஸ்டனைத் தள்ளிவிட்டு, புகைப்போக்கி வழியே வெளியேறுகிறது. வெளியேறும்போது அது தன்னோடு புகையையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் நெருப்புக்குக் காற்று கிடைக்கிறது. குழாய் குறுகலாகவோ திடீர் வளைவுகளோடோ இருந்தால், சிலிண்டரை அடையும் முன்பே நீராவி அழுத்தத்தை இழக்கும். வெளியேறும் வழி அடைபட்டால், பிஸ்டனையே எதிர்த்துத் தள்ளும். இந்த இழப்புகளை ஆராய்ந்து, பாதைகளை அகலமாகவும் வழவழப்பாகவும் மாற்றினால் பழைய எஞ்சினிலிருந்தே வியப்பூட்டும் கூடுதல் திறனைப் பெறலாம் என்று செய்து காட்டியவர் ஃபிரெஞ்சுப் பொறியாளர் ஆந்த்ரே ஷாப்பலோன். கிரெஸ்லி அவருடைய பாடத்தை ஏ4இன் நீராவிப் பாதைகளில் அப்படியே பயன்படுத்தினார். அதே ஏ4 வகையில் 1938 மார்ச்சில் வந்த மல்லார்டுக்கு அதற்கும் மேலாக ஒன்று கிடைத்தது: நீராவியை அதிகத் தடையின்றி வெளியேற்ற, பின்லாந்தின் கியூலாலாவும் ஷாப்பலோனும் உருவாக்கிய கைல்சாப் அமைப்பும், அதற்கான இரட்டைப் புகைப்போக்கியும். சாதனைக்கு மல்லார்டைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் அதுவே.

இதற்கிடையே ஜெர்மனி முந்திக்கொண்டிருந்தது. போர்சிக் நிறுவனத்தின் அடால்ஃப் வோல்ஃப் வடிவமைத்த 05 வகை எஞ்சின்களுக்கு, 2.3 மீட்டர் விட்டமுள்ள இயக்கச் சக்கரங்களும் கிட்டத்தட்டத் தண்டவாளம்வரை இறங்கும் சிவப்பு உறையும் இருந்தன. 1936 மே 11 அன்று 05 002 எஞ்சின், பெர்லின் – ஹாம்பர்க் பாதையில் மணிக்கு 200.4 கிலோமீட்டரை எட்டியது.

[திரையில்: ஸ்டோக் சரிவின் பக்கவாட்டு வரைபடம், வேகக் கோடு ஏறுகிறது]

1938 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. பிரேக் சோதனை என்ற பெயரில், அளவீட்டுப் பெட்டியையும் சேர்த்து ஏழு பெட்டிகளோடு, சுமார் 240 டன் எடையுடன் மல்லார்ட் புறப்பட்டது. டிரைவர் ஜோ டடிங்டனுக்கு வயது 61. ஃபயர்மேன் டாமி பிரே. கிரந்தம் நிலையத்தருகே பாதை வேலை நடந்ததால் மணிக்கு 24 மைலுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. அந்த இழப்பை ஏற்றத்திலேயே ஈடுகட்டி, ஸ்டோக் உச்சியை மணிக்குச் சுமார் 75 மைல் வேகத்தில் கடந்தார்கள். அதற்குப் பின் 200 அடிக்கு ஓர் அடி என்று இறங்கும் நீண்ட சரிவு. வேகம் 120ஐத் தாண்டி, ஒரு கணம் 126ஐத் தொட்டது.

எஞ்சினின் நடுச் சிலிண்டரின் இணைப்புத் தண்டில் உள்ள பெரிய பேரிங்கில், சூடேறினால் சோம்பு மணத்தை வெளியிடும் குப்பி ஒன்றை வைத்திருந்தார்கள். பீட்டர்பரோவில் நிறுத்திப் பார்த்தபோது அந்தப் பேரிங் சூடேறிக் கெட்டிருந்தது. கிரெஸ்லியின் அமைப்பில் நடுச் சிலிண்டரின் வால்வுக்குத் தனி இயக்கம் கிடையாது. வெளிச் சிலிண்டர்களின் வால்வு இயக்கத்திலிருந்து நெம்புகோல்கள் அதை நகர்த்தும். அதிவேகத்தில் அந்த நெம்புகோல்கள் வளைந்துகொடுக்க, நடு வால்வு அளவுக்கு மேல் திறந்து, நடுச் சிலிண்டர் தன் பங்கைவிட அதிகமாக உழைத்தது. மல்லார்ட் பழுது பார்ப்பதற்காக டான்காஸ்டர் போனது. பெட்டிகளை வேறொரு எஞ்சின் லண்டனுக்கு இழுத்துச் சென்றது.

சாதனைப் பட்டியலில் மல்லார்டுக்கே முதலிடம், அது நியாயமும்கூட. ஆனாலும் 197 டன் ரயிலை, சரிவின் துணையின்றிச் சமதளத்தில் 200 கிலோமீட்டருக்கு ஓட்டிய ஜெர்மானிய எஞ்சினை நான் ஒரு படியும் குறைவாக மதிக்க மாட்டேன்.

அமெரிக்காவில் உறைக்கு வேறொரு நோக்கமும் இருந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் பயணிகளை இழந்த நிறுவனங்களுக்கு, ரயில் என்பது புதுமையானது என்று காட்ட வேண்டியிருந்தது. ஹென்றி டிரேஃபஸ், ரேமண்ட் லோவி போன்ற தொழில் வடிவமைப்பாளர்கள் எஞ்சின்களுக்கு முகம் கொடுத்தார்கள். லோவி உருவம் தந்த பென்சில்வேனியா ரயில்வேயின் எஸ்1, 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் உருளைகளின் மேல் ஓடிக் காட்டப்பட்டது. ஆனால் அதன் நீளத்துக்குப் பல வளைவுகள் ஒத்துவரவில்லை. 1949இல் உடைத்து விற்றார்கள். மில்வாக்கி ரோட்டின் ஹியாவதா எஞ்சின்கள் வேறு ரகம்: அன்றாடச் சேவையிலேயே 100 மைலைத் தாண்டி ஓடுவதற்கென்று 1935இல் கட்டப்பட்டவை. அவற்றில் ஒன்றைக்கூடப் பாதுகாத்து வைக்காதது பெரும் இழப்பு.

உறையின் விலையைக் கொடுத்தவர்கள் லோகோ ஷெட் தொழிலாளர்கள். எண்ணெய் விட வேண்டிய மூட்டுகள், பார்க்க வேண்டிய பேரிங்குகள் எல்லாம் தகட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தன. முன்பக்கப் புகைப்பெட்டியில் சேரும் சாம்பலை அள்ளுவதற்கே, ஏ4இன் முகப்பைக் கைப்பிடியைச் சுழற்றி, மீன் வாய் போல மேலும் கீழுமாகப் பிளந்து திறக்க வேண்டும். போர்க்காலத்தில் ஆளும் நேரமும் பற்றாதபோது, ஏ4 எஞ்சின்களின் சக்கரத்தை மூடிய பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டார்கள்; பின்னர் அவை அந்த எஞ்சின்களின் சேவைக்காலத்தில் திரும்பப் பொருத்தப்படவில்லை. போட்டி நிறுவனமான லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேயில், அதாவது எல்.எம்.எஸ்ஸில், வில்லியம் ஸ்டானியர் கட்டிய கொரனேஷன் வகை, 1937இல் உறையோடு 114 மைலை எட்டியது. ஆனால் உறையே இல்லாமல் கட்டப்பட்ட அதன் சகோதரி எஞ்சின் டச்சஸ் ஆஃப் அபர்கார்ன், 1939 பிப்ரவரியில் சுமார் 600 டன் ரயிலை இழுத்து 3,333 குதிரைத்திறனைப் பதிவு செய்தது. 1946 முதல் மற்ற எஞ்சின்களின் உறைகளையும் எல்.எம்.எஸ் அகற்றத் தொடங்கியது.

[திரையில்: டபிள்யூ.பி. எஞ்சின், முன்தோற்றம்]

இந்தியாவில் இந்தப் பாணி வந்து சேர்ந்தது 1947இல், அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனத்திடமிருந்து வந்த டபிள்யூ.பி. வகை அகலப்பாதை எஞ்சின்களோடு. சென்னை சென்ட்ரலிலிருந்து நீராவியில் புறப்பட்ட விரைவு ரயில்களை அறிந்தவர்களுக்கு அந்தத் துப்பாக்கிக் குண்டு வடிவ மூக்கு நன்றாக நினைவிருக்கும். கனடா, போலந்து, ஆஸ்திரியா ஆகிய நாடுகளிலும் பின்னர் இந்தியாவின் சித்தரஞ்சன் எஞ்சின் ஆலையிலுமாக 1967 வரை மொத்தம் 755 எஞ்சின்கள் கட்டப்பட்டன. அவை ஓடிய, சுமார் 100 கிலோமீட்டர் என்ற வேகத்தில் அந்த மூக்கால் மிச்சமான நிலக்கரி மிகக் குறைவே. அது அழகுக்காக இருந்தது. சக்கரங்களும் தண்டுகளும் மட்டும், எண்ணெய்க் குவளையோடு வரும் தொழிலாளியின் கைக்கு எட்டும்படி, முழுவதும் திறந்தே விடப்பட்டிருந்தன.