கிளைக் கொப்பி

வணக்கம் நேயர்களே. 2024 தேர்தல் தோல்விக்குப் பிறகு தமிழரசுக் கட்சியின் தலைமை பற்றிப் பேசுங்கோ ஐயா என்று நிகழ்ச்சியை நடத்தும் தம்பி கேட்டிருந்தார். எங்கள் ஊரில் சலூனில் இருந்து செத்தவீடு வரைக்கும் இப்போது இந்தக் கதைதான். சிறீதரனா, சுமந்திரனா? கட்சித் தலைவர் கதிரை ஆருக்கு? நான் கதிரைக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு கொப்பியைப் பற்றிச் சொல்ல வேணும். அதற்கும் முன்னால் கொஞ்சம் கணக்கு. படிப்பித்த வாய், கணக்குச் சொல்லாமல் இருக்காது.

2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஆறு ஆசனம். சனாதிபதி அனுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்திக்கு மூன்று. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று, ஒரு சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. "யாழ்ப்பாணமே மாறிப்போச்சு" என்று முடிவு வந்த அன்றைக்குப் பகல் முழுக்கத் தொலைபேசி அடித்தபடி இருந்தது. கனடாவில் இருந்தும் அடித்தார்கள். ஆனால் தேசிய மக்கள் சக்தி எடுத்தது 80,830 வாக்கு. வாக்குப் போட்ட நாலு பேரில் ஒருவர். மாவட்டத்தில் முதலாவதாக வந்ததால் கிடைத்த போனஸ் ஆசனமும் சேர்ந்துதான் மூன்று. மற்ற மூன்று பேர் எங்கே போனார்கள்? பத்துப் பக்கம் போனார்கள். ஒன்று சங்குச் சின்னக் கூட்டணிக்கு, ஒன்று தமிழ்க் காங்கிரசின் சைக்கிளுக்கு, ஒன்று ஆர் என்றே தெரியாத ஒரு சுயேச்சைக்கு.

தமிழரசுக் கட்சியின் கணக்கையும் பாருங்கள். இதே மாவட்டத்தில் வீட்டுச் சின்னத்துக்கு 2015இல் விழுந்தது 207,577. 2020இல் 112,967. 2024இல் 63,327. முதல் இரண்டு தடவையும் கூட்டுக் கட்சிகளான புளொட், ரெலோ இரண்டும் அதே வீட்டுக்குள் இருந்தார்கள், அது உண்மை. இருந்தாலும் 2015க்கும் 2020க்கும் இடையில் கிட்டத்தட்ட அரைவாசி கொட்டுண்டபோது அந்த இரண்டு கட்சியும் உள்ளேதான் இருந்தார்கள். ஆகவே இது 2024இல் திடீரென்று விழுந்த இடி இல்லை. கூரை ஒழுகத் தொடங்கிக் கனகாலம்.

இனிக் கொப்பிக்கு வருகிறேன்.

1970ஆம் ஆண்டு மே மாதம். எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குச் சங்கானையில் ஒரு சின்னச் சைக்கிள் திருத்தும் கடை. வீட்டில் வானொலிப் பெட்டி இல்லை, பக்கத்து வீட்டு விறாந்தையில் இருந்துதான் முடிவு கேட்டோம். எங்கள் தொகுதி வட்டுக்கோட்டை. 1956இல் இருந்து தமிழரசுக் கட்சி அமிர்தலிங்கத்தின் தொகுதி. அவர் தோற்பார் என்று பந்தயம் கட்ட ஆளில்லை. முடிவு வந்தது. தமிழ்க் காங்கிரசில் நின்ற தியாகராசா, காரைநகர் இந்துக் கல்லூரியில் அதிபராய் இருந்தவர், வென்றுவிட்டார். ஆயிரம் வாக்குக்கூட வித்தியாசம் இல்லை. அப்பா எழும்பிப் போய்க் கிணற்றடியில் முகம் கழுவினார். திரும்பி வந்து மறுபடியும் போய்க் கழுவினார். அது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தமிழரசுக் கட்சியின் எங்கள் ஊர்க் கிளை, மூலக்கிளை என்பார்கள், அதன் செயலாளர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஊரில் எல்லாப் படலையும் அவருக்குத் தெரியும், எந்த நாய் கடிக்கும் என்றும் தெரியும். வாசிகசாலையில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு இருத்தினார். மண்ணிறத் தாள் உறை போட்ட கொப்பி. முன்பக்கத்தில் மாதச் சந்தா, ஆளுக்கு 25 சதம், ஆர் தந்தது, ஆர் பாக்கி. அதைப் பின்பக்கமாகத் திருப்பி நாலு கோடு கீறினார். ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாக. இந்த வீடு ஏன் விட்டுப் போனது? ஒருவர் சொல்ல ஒருவர் மறுக்க, அவர் எழுதினார். "மூத்த பெடியன் அதிபரிட்டைப் படிச்சவன்." "எல்லை வழக்கில் உதவி கேட்டு வந்தவை, நாங்கள் போகேல்லை." "எங்கடை ஆள் கலியாணவீட்டுக்கு வரேல்லை எண்ட கோபம்." நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு ஓர் ஒழுங்கை வந்தது. எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். அறுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் தேத்தண்ணிக் கடைக்குள் வரவிடு, கோயிலுக்குள் வரவிடு என்று ஒடுக்கப்பட்ட மக்கள் நடத்திய போராட்டம் மூத்த நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஒழுங்கை அந்தச் சனத்தின் ஒழுங்கை, அவர்களுக்கு எங்களில் வயிற்றெரிச்சல். செயலாளர் பேனையைத் திறந்தார். "உதை எழுதாதேங்கோ அண்ணை" என்று சொன்னது ஆர் தெரியுமா? என்னுடைய அப்பா. செயலாளர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்: "தேத்தண்ணிக் கடை விசயத்தில் நாங்கள் வாய் திறக்கேல்லை." எழுதிப்போட்டு அப்பாவிடமே கொப்பியை நீட்டி, வாசியும் என்றார். அப்பா வாசித்தார். சத்தமாக.

நாலு கோடு என்று சொன்னேன். வீடு, ஆள், காரணம். நாலாவது கோட்டுக்கு மேலே "திரும்பப் போன திகதி" என்று இருந்தது. அன்றைக்கு அது முழுக்க வெறுமை.

அந்தக் கொப்பி 1995 போர் இடப்பெயர்வோடு போய்விட்டது. நான் இதை எங்கே பேசினாலும் சொல்லுவேன், கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேணும்.

சரி, கதிரை. 2024 சனவரியில் திருகோணமலையில் கட்சித் தலைவரைத் தெரிய வாக்கெடுப்பு நடந்தது. சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. யாப்புப்படி நடந்ததா என்று வழக்குப் போய், புதுத் தலைவர் பொறுப்பெடுக்காமலே கட்சி தேர்தலுக்குப் போனது. பழைய தலைவர் மாவை சேனாதிராசாவுக்குப் பிறகு சி.வி.கே. சிவஞானம் பதில் தலைவர். தேர்தலில் தோற்ற சுமந்திரன் பதில் பொதுச் செயலாளர். "சனம் வேண்டாம் எண்ட ஆள் கட்சியை நடத்தலாமோ?" என்று சந்தியில் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் ஒட்டில்லை. கட்சியைத் தொடங்கிய செல்வநாயகம் 1952இல் காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சி நடேசனிடம் தோற்றார். 1956இல் கட்சி பத்து ஆசனத்தோடு வந்தது. 1970இல் தோற்ற அமிர்தலிங்கம் 1977இல் எதிர்க்கட்சித் தலைவர். தோற்ற ஆள் நடத்தலாம். அந்த ஆளுக்குக் கீழே கொப்பி எழுத ஆள் இருக்கிறதா என்பதுதான் என்னுடைய கேள்வி. 321 பேர் போட்ட வாக்கைப் பற்றி இவ்வளவு சண்டை பிடிக்கிறோமே, அந்த 321 பேரை அனுப்பிய கிளைகள் கடைசியாக எப்போது கூடின? உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள்.

2024 தேர்தல் நேரம் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு கட்சியின் ஓட்டோ வந்தது, எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். ஒலிபெருக்கியில் பாட்டு. நான் படலைக்குப் போக முதல் துண்டுப்பிரசுரத்தை மதிலுக்கு மேலால் எறிந்துவிட்டுப் போய்விட்டார்கள். அது விழுந்த இடம் மாட்டுத் தொட்டில்.

2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலில் வீடு மறுபடி எழும்பியதே என்று நீங்கள் கேட்கலாம். யாழ் மாநகர சபையில் 45 ஆசனத்தில் 13 எடுத்து முதலாவதாக வந்தது. ஏன்? வட்டாரத் தேர்தல். நின்ற ஆள் பக்கத்து வீட்டுக்காரன், படலையைத் திறந்துகொண்டு வந்து கேட்டான். நான் இவ்வளவு நேரமும் சொன்னதைத்தான் அந்த முடிவும் சொல்லுகிறது.

மாகாண சபையைப் பற்றியும் சொல்ல இருந்தேன். வடக்கில் 2018 ஒக்ரோபரோடு காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை, இளம் ஆட்கள் பழகுகிற இடம் அது. பெண் வேட்பாளர்கள் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், அது இங்கேயே இருக்கிறது. கண்ணாடிக்கு அங்கால் தம்பி கை காட்டுகிறார்.

ஒன்று மட்டும். அந்த நாலாவது கோடு. அடுத்த தைப்பொங்கலுக்குச் செயலாளர் கொப்பியோடு எங்கள் கடைக்கு வந்தார். அரைவாசி நிரம்பியிருந்தது. தேத்தண்ணிக் கடை ஒழுங்கைக்கு நேரே ஒரு திகதியும் இல்லை. "நீரும் வாரும், இண்டைக்குப் போவம்" என்றார். அப்பா கை கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

வணக்கம்.