தேசிக்காய்த் தண்ணியால் இரத்தத்தில் அமிலம் கூடுமா?

நெடுங்கேணிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். இரத்தத்தில் அமிலம் கூடிவிட்டது என்று கிளினிக்கில் சோடியம் பைகார்பனேட் குளிசை தந்தார்கள். அவர் தினமும் தேசிக்காய்த் தண்ணி குடிப்பவர். அதனால் வந்ததா?"

இல்லை, தங்கச்சி. தேசிக்காய் மேல் பழி போட வேண்டாம். அதில் இருக்கிற சிற்றிக் அமிலத்தை உடம்பு எரித்து முடித்துவிடும். அமிலம் மிஞ்சுவது நாக்குக்குப் புளிக்காத சாப்பாட்டில்தான். குளத்து மீன், முட்டை, இறைச்சி இவற்றின் புரதத்தில் கந்தகம் இருக்கிறது. அது கடைசியில் சல்பூரிக் அமிலமாக மாறும்.

விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். புகை தன்பாட்டில் போய்விடும், சாம்பலை யாராவது அள்ளத்தான் வேண்டும். புகை என்பது காபனீரொட்சைட்டு. அதை நுரையீரல் மூச்சோடு விட்டுவிடும். சாம்பல் என்பது அந்த மிஞ்சிய அமிலம். அதை அள்ளுவது சிறுநீரகம். (சாம்பல் காரமல்லவா என்று ஏ.எல். பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டாம், உவமைக்குச் சொன்னேன்.)

சரி, எப்படி அள்ளுகிறது? சிறுநீரகம் ஒரு நாளைக்கு இரத்தத்திலிருந்து ஏறக்குறைய 180 லீற்றர் நீரை வடிக்கிறது. அமிலத்தை அடக்குகிற பைகார்பனேட்டும் அதோடு வடிந்துவிடும். அதில் கிட்டத்தட்ட முழுவதையும் சிறுநீரகம் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் அன்றைய அமிலத்தை அடக்கியதில் கொஞ்சம் செலவாகியிருக்குமே, அதற்குப் புதிதாகச் செய்ய வேண்டும். குளுட்டமின் என்கிற அமினோ அமிலத்தை உடைத்து அமோனியமும் பைகார்பனேட்டும் செய்கிறது. அமோனியம் அமிலத்தைச் சுமந்துகொண்டு சிறுநீரில் போகும், பைகார்பனேட் இரத்தத்துக்கு வரும். இரத்தத்தின் பிஎச் (அமில, கார அளவு) 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்பது இதனால்தான். மூச்சு சில நிமிடங்களில் சரிக்கட்டும். சிறுநீரகத்துக்கு நாட்கள் எடுக்கும்.

அப்பாவுக்குக் குறைந்துபோனது இந்த அமோனியம் செய்கிற வேலை. கிளினிக் கொப்பியைப் பாருங்கள், பைகார்பனேட் 22க்குக் கீழே இருக்கும். அப்படியே விட்டால் உடம்பு எலும்பைக் கரைத்துச் சமாளிக்கும், தசையும் வற்றும். சிறுநீரகம் செய்யாததைத்தான் அந்தக் குளிசை வெளியிலிருந்து கொடுக்கிறது.

அதற்காகக் குசினியில் இருக்கிற அப்பச்சோடாவைக் கரண்டியால் அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். பொருள் ஒன்றுதான், அளவுதான் பிரச்சினை. அதில் சோடியம் அதிகம், கால் வீங்கும், பிரஷர் ஏறும்.

அப்புறம், தேசிக்காயை விட நான் பயப்படுவது இளநீருக்கு. அதில் பொட்டாசியம் கூட. அடுத்த கிளினிக்கில் அப்பாவின் பொட்டாசியம் எவ்வளவு என்று கேளுங்கள். அதுவரை இளநீர் வேண்டாம்.