காட்டில் கையைப் பார்த்து வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் காட்டுக்குப் போகும் பேச்சு கிளம்பிவிடும். சிலர் எல்லை தாண்டி மலேசியாவின் பகாங் பக்கம் தாமான் நெகாராவுக்குப் போவார்கள். சிலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றில் ஏறுவார்கள். தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர் பெருங்காடு. புக்கிட் தீமாவின் உச்சியோ 163 மீட்டர்தான். ஆனாலும் இரண்டும் மழைக்காடு, இரண்டிலும் விஷப்பாம்பு உண்டு.

விருப்ப வழிகாட்டியாக நான் அழைத்துப் போகும் ஆட்கள் முதலில் புலியைப் பற்றித்தான் கேட்பார்கள். சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங் பக்கம் சுடப்பட்டது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் இங்கே மிளகுத் தோட்டங்களிலும், தோல் பதனிட உதவும் கேம்பியர் செடித் தோட்டங்களிலும் உழைத்தவர்கள் பலர் புலிக்குப் பலியானார்கள். 1854இல் புக்கிட் தீமாவில் தங்கி வண்டு சேகரித்த இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், புலிக்கு வெட்டி இலைதழை போட்டு மூடிய குழிகளில் தானே விழுந்துவிடாமல் நடக்க வேண்டியிருந்தது. தாமான் நெகாராவில் புலி இன்னும் இருக்கிறது. ஆனால் அது பயணிகள் கண்ணில் படுவது மிக அரிது.

எனக்குக் கவலை உங்கள் கையைப் பற்றித்தான். சேற்றில் கால் வழுக்கினால் பக்கத்தில் இருக்கும் கிளையை நாம் பார்க்காமலே பிடித்துவிடுவோம். அது பிரம்புக் கொடியாக இருந்தால் கொக்கி முள் உள்ளங்கையில் ஏறும். அந்தக் கிளையில் வாக்லர் குழிவிரியன் என்ற விஷப்பாம்பும் படுத்திருக்கலாம். மார்பு உயரத்துக் கிளையிலும் அதைப் பார்க்கலாம். பெண் பாம்பு பருத்தது, கரும்பச்சை உடம்பில் மஞ்சள் பட்டைகள். ஆண் மெலிந்த பச்சைப் பாம்பு, தளிரோடு தளிராகக் கிடக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள சிறு குழியால் இரையின் உடல் சூட்டை அது உணரும். இரை வரட்டும் என்று ஒரே கிளையில் நாள்கணக்கில் அசையாமல் இருக்கும். நாம் கடந்து போனாலும் நகராது. கடித்தால் அனேகமாக, நம் கை அதன் மேல் பட்டதால்தான் இருக்கும். அதனால் ஒரு கோலை ஊன்றி நடங்கள். எதைப் பிடிப்பதானாலும் முதலில் பாருங்கள்.

விஷம் துப்பும் நாகமும் இங்கே உண்டு. அந்த விஷம் கண்ணுக்குள் பட்டால் தேய்க்காமல், கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். எந்தப் பாம்பு கடித்தாலும் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை உட்கார வைத்து, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, சிங்கப்பூரில் என்றால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள்.

பாம்பை விட நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது குரங்கிடம். கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் அது சாப்பாடு என்று குரங்குக்குத் தெரியும். யார் தெரிய வைத்தது? தீனி போட்ட மனிதர்கள்தான். இது எனக்கு மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. பழகிய குரங்கு ஆளைப் பார்த்துப் பாய ஆரம்பித்தால், கடைசியில் அவதிப்படுவது அந்தக் குரங்குதான். முதல் முறை தீனி போட்டு மாட்டினாலே சிங்கப்பூரில் 5,000 வெள்ளி வரை அபராதம். அபராதத்துக்காக மட்டும் இல்லாமல், அந்தக் குரங்குக்காகவும் போடாதீர்கள். சாப்பாட்டை முதுகுப்பைக்குள் வையுங்கள். எதிரே வந்தால் பல்லைக் காட்டிச் சிரிக்காமல், கண்ணுக்கு நேரே முறைக்காமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். குட்டியோடு வரும் காட்டுப்பன்றிக்கும் அப்படியே வழிவிடுங்கள்.

அப்புறம் ரத்தம் உறிஞ்சும் அட்டை. தாமான் நெகாரா போகிறவர்களுக்கு இது நிச்சயம். மலாயா எஸ்டேட்டில் வளர்ந்த நம் பெரியவர்கள் உப்பும் சுண்ணாம்பும் தடவச் சொல்வார்கள். ஆனால் அப்படிச் செய்தால் அட்டை வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தி, வாயைப் பெயர்த்து எடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்தியிருக்கும், அதனால் கொஞ்ச நேரம் கசியும். பயப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். முழங்கால் வரை வரும் அட்டை காலுறை போட்டுப் போனால் பாதி வேலை குறையும்.

குளவிக்கூடு கண்ணில் பட்டால் கல் எறிவது, படம் எடுக்கப் பக்கத்தில் போவது, இரண்டுமே கூடாது. குளவி துரத்தினால் கையை வீசிக்கொண்டு நிற்காமல் தலையை மூடிக்கொண்டு ஓடுங்கள்.

புக்கிட் தீமா காப்பகம் மாலை 7 மணி வரை திறந்திருக்கும். ஆனால் மரங்களுக்கு அடியில் அதற்கு வெகு முன்பே இருட்டத் தொடங்கிவிடும், கிளையில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் காலையிலேயே ஏறுங்கள். இடி கேட்டால் உச்சி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். வணக்கம்.