முரட்டு டிஃபென்ஸா, கெட்டிக்கார டிஃபென்ஸா?

வணக்கம். ஐஸ் ஹாக்கியில் டிஃபென்ஸ் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அணி நாலு கோல் வாங்கித் தோற்றால் மறுநாள் ஒரே புலம்பல்தான்: "நம்ம டிஃபென்ஸ் ரொம்ப மெத்து, முரட்டு ஆள் ஒருத்தனைக் கொண்டுவாங்கப்பா." சரி, அவன் வந்து என்ன செய்வான்?

ஒரு காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எதிரணி பக்கை, அதாவது அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையை, மூலையில் அடித்துவிட்டுப் பின்னாலேயே பாய்ந்து வருகிறது. நம் டிஃபென்ஸ்காரர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகையை நோக்கிப் போயாக வேண்டும், பின்னால் நூறு கிலோ ஆள் ஒருத்தன் வரும் சத்தம் கேட்கிறது. கெட்டிக்காரன் பக்கைத் தொடும் முன்பே தோளுக்கு மேலே ஒரு தடவை, முடிந்தால் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிடுவான்; இடப்பக்கம் போவதுபோல் இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு வலப்பக்கம் திரும்பி, கோலுக்குப் பின்னால் நிற்கும் தன் ஜோடி டிஃபென்ஸ்காரனுக்குத் தள்ளிவிடுவான், மோத வந்தவன் பலகையில் போய் முட்டிக்கொள்வான். பார்க்காதவன் எவ்வளவு பலசாலியானாலும் இடியையும் வாங்குவான், பக்கையும் விடுவான். அப்புறம் நாற்பது நொடி பக் நம் எல்லைக்குள்ளேயே சுற்றும், எல்லாருக்கும் மூச்சு வாங்கும், ஆளை மாற்ற வழியிருக்காது, கோல் விழும். நாமோ "கோல் முன்னால் நின்றவனை ஏன் தள்ளவில்லை" என்று கத்திக்கொண்டிருப்போம்.

ஒரு அணி எத்தனை தடவை எதிராளியை உடலால் மோதியது என்ற எண்ணிக்கையை வைத்துக்கொண்டு வாதாட வருபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். பக் வைத்திருப்பவனைத்தானே மோதலாம்? ஒரு அணி ஓயாமல் மோதுகிறது என்றால் பல நேரம் பக் அவர்களிடம் இல்லை என்றுதான் அர்த்தம்.

டெட்ராய்ட் அணியின் டிஃபென்ஸ்காரர் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் யாரையும் சாய்த்துப் பெயர் வாங்கியவர் இல்லை. ஸ்டிக்கை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தே சிறந்த டிஃபென்ஸ்காரருக்கான நாரிஸ் கோப்பையை 7 முறை வாங்கினார். அதற்காக முரட்டுத்தனம் வீண் என்று சொல்ல மாட்டேன். 2000-ல் நியூஜெர்சி அணிக்காக எதிரணி நட்சத்திரம் எரிக் லிண்ட்ரோஸைச் சாய்த்த ஸ்காட் ஸ்டீவன்ஸுக்கு, வட அமெரிக்க லீக்கான என்எச்எல்-லின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையோடு, பிளேஆஃப் சுற்றின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதும் கிடைத்தது. ஆனால் அந்தக் காலம் வேறு. 2005-ல் ஸ்டிக்கால் கொக்கி போடுவதற்கும் பிடித்து இழுப்பதற்கும் என்எச்எல் நடுவர்கள் கண்டிப்பாக விசில் ஊத ஆரம்பித்ததிலிருந்தே மெதுவாக நகரும் முரடனுக்குப் பிழைப்பு கஷ்டம்தான்.

2023-ல் ஸ்டான்லி கோப்பை வாங்கிய வேகாஸ் அணியைக் காட்டி, "பார், டிஃபென்ஸ்காரர்கள் ஆறு பேரும் ஆறடிக்கு மேல்" என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த ஆறு பேரில் ஷே தியோடரும் இருக்கிறாரே, பக்கை அவ்வளவு சுலபமாக வெளியே கொண்டுவருகிறவர்! முந்தைய ஆண்டு கொலராடோவுக்காக நாரிஸும் கான் ஸ்மைத்தும் சேர்த்து வாங்கிய கேல் மகார் ஆறடிகூட இல்லை.

என்னிடம் விட்டால் முதல் இரண்டு ஜோடியிலும் பக்கை வெளியே எடுக்கத் தெரிந்தவர்களைத்தான் போடுவேன். மூன்றாவது ஜோடியில் ஒரு முரடன் இருக்கட்டும், கோல் முன்னால் இடம் காலி பண்ணவும் ஷாட்டுக்குக் குறுக்கே விழவும் ஆள் வேண்டுமே. அவனையும் முதலில் மூலைக்கு அனுப்பி, தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பேன்.