ஒரு வார்த்தைகூடப் புரியாம ஃபுல் மார்க்! இங்கிலீஷ் காம்ப்ரிஹென்ஷன்ல நடக்கிற கூத்து

வணக்கம் மக்களே! எடுத்ததுமே ஒரு டெஸ்ட். திரையில வர்ற இங்கிலீஷ் வாக்கியத்தைப் படிங்க.

(திரையில்: த கிலாப் டிரெம்டு த மோஷ் பிஹைண்ட் த ஸால்க்.)

முதல் கேள்வி: கிலாப் எதை டிரெம்டு பண்ணுச்சு? மோஷை. ரெண்டாவது: எங்க வெச்சு? பிஹைண்ட் த ஸால்க். சபாஷ், ரெண்டுக்கு ரெண்டு! இப்ப சொல்லுங்க, ஸால்க்னா என்ன? எனக்கும் தெரியாது. இந்த வீடியோவுக்காக நானே கிளப்பிவிட்ட வார்த்தை அது.

காம்ப்ரிஹென்ஷன்ங்கிற பேர்ல நிறைய கிளாஸ்ல நடக்கறது இதுதான். கேள்வியில ‘வேர்’னு இருந்தா பத்தியில ‘பிஹைண்ட்’, ‘நியர்’ மாதிரி ஏதாவது தேடு, அந்த வரியை அப்படியே பேத்தெடுத்து எழுது, மார்க் வாங்கு. பசங்க கெட்டிக்காரங்க, இந்த வேட்டையைச் சின்ன கிளாஸ்லயே பழகிடுவாங்க. நாமளும் ஒரு டிக் போட்டுட்டு அடுத்த நோட்டுக்குப் போயிடுவோம்.

வரலாறு சொன்னா வீடியோவை ஓட்டிடுவீங்க, அதனால ஒரே ஒரு தகவல். 1970-களோட கடைசியில அமெரிக்காவுல டோலோரஸ் டர்கின்கிற ஆராய்ச்சியாளர் வகுப்பறைகள்ல உக்காந்து நிமிஷக் கணக்குல கவனிச்சாங்க. வாசிப்புப் பாட நேரத்துல, படிச்சதை எப்படிப் புரிஞ்சுக்கறதுன்னு சொல்லிக்கொடுத்தது ஒரு சதவீதத்துக்கும் கீழ! கேள்வி கேட்டு விடை சரிபார்க்க மட்டும் தாராளமா நேரம் இருந்துச்சு.

சரி, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வந்துட்டோம். இதை நிதானமா சொல்றேன்.

1988-ல டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி ரெண்டு பேரும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 64 பள்ளி மாணவர்கள். அவங்களை நாலு கூட்டமா பிரிச்சாங்க: நல்லா வாசிக்கறவங்க, வாசிக்கத் திணறுறவங்க, இந்த ரெண்டுலயுமே பேஸ்பால் தெரிஞ்சவங்க, தெரியாதவங்க. எல்லாருக்கும் ஒரே பத்தி, ஒரு பேஸ்பால் மேட்ச்சோட பாதி இன்னிங்ஸ் வர்ணனை. படிச்சதும் பேப்பர்ல கேள்வி பதில்னு ஆரம்பிக்கல. ஒரு குட்டி மாதிரி மைதானம், அதுல மர பொம்மைகள். “படிச்சதை இந்த பொம்மைகளை நகர்த்தி நடத்திக்காட்டு”ன்னாங்க. எவ்வளவு அழகான டெஸ்ட் பாருங்க! காப்பியடிக்க இங்க வரியே கிடையாது. மனசுக்குள்ள மேட்ச் ஓடியிருந்தாத்தான் கை நகரும்.

யாரு ஜெயிச்சிருப்பாங்க? ஒரு நொடி பாஸ் பண்ணி யோசிங்க.

வாசிப்புல ‘வீக்’னு முத்திரை குத்தின பசங்க, பேஸ்பால் தெரிஞ்சிருந்த ஒரே காரணத்தால, நல்லா வாசிக்கிற ஆனா பேஸ்பால் தெரியாத பசங்களைத் தாண்டிட்டாங்க. ஏன்னா எழுதறவர் எல்லாத்தையும் எழுத மாட்டார். ஓடுற ஆளு ரெண்டாவது பேஸுக்கு, அதாவது ஓடும்போது தொட வேண்டிய ரெண்டாவது இடத்துக்குப் போயிட்டார்னு எழுதுவார். முதல் பேஸை அவர் தாண்டியாச்சுன்னு எழுத மாட்டார். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது வாசகன் வேலை, நிரப்பச் சரக்கு உள்ள இருக்கணும். பேஸ்பால்ல ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஃபீல்டர்தான் ‘ஷார்ட்ஸ்டாப்’. அதைப் பஸ் நிக்கிற இடம்னு நெனைச்சவங்க கை தூக்குங்க, உங்களுக்கு இது உடனே புரியும்!

ஆகவே, ஒரு பையன் பத்தியில தடுமாறினா உடனே “இங்கிலீஷ் வரல”ன்னு தீர்ப்பு எழுதாதீங்க. படிக்கிற பத்தி பென்குவினைப் பத்தினதா? படிக்கறதுக்கு முன்னாடி பென்குவின் பத்திக் கொஞ்சம் பேசுங்க, படம் காட்டுங்க, தாய்மொழியிலயே பேசினாலும் தப்பில்ல. முன்னாடிங்கறது முக்கியம். 1972-ல பிரான்ஸ்ஃபோர்ட், ஜான்சன்ங்கிற ஆராய்ச்சியாளர்கள் துணி துவைக்கிறதைப் பத்தி, துணின்னே சொல்லாம சுத்திவளைச்சு ஒரு பத்தி தயார் பண்ணாங்க. தலைப்பை முதல்லயே சொன்னப்ப, கேட்டவங்களுக்கு நல்லா புரிஞ்சது, நினைவுலயும் நின்னுச்சு. கேட்டு முடிச்சப்புறம் சொன்னதுல ஒரு புண்ணியமும் இல்ல.

வார்த்தைகளைப் பத்தி ஒரு வரி: 100-க்கு 98 வார்த்தை ஏற்கெனவே தெரிஞ்சாத்தான் துணையில்லாம சௌகரியமா படிக்க முடியும்னு ஹூ, நேஷன்ங்கிற ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேரும் 2000-ல எழுதினாங்க. வரிக்கு நாலு புது வார்த்தை இருக்கிற பத்தியைக் கொடுத்துட்டு “புரிஞ்சதா?”ன்னு கேக்கறது அநியாயம்.

இப்ப வகுப்புல என்ன செய்யலாம்? இந்த வரியைப் பாருங்க.

(திரையில்: மீரா ஷுக் ஹெர் அம்ப்ரெல்லா அண்ட் லெஃப்ட் ஹெர் ஷூஸ் அவுட்சைட்.)

கேள்வி: வெளியில என்ன நடக்குது? ‘ரெயின்’ங்கிற வார்த்தையே வரியில இல்ல, அதனால வேட்டைக்காரப் பசங்க திருதிருன்னு முழிப்பாங்க. நீங்க விடையைச் சொல்லிடாதீங்க. உங்க மண்டைக்குள்ள ஓடறதைச் சத்தமா ஓடவிடுங்க: “குடை வெச்சிருக்கா... வெயிலுக்கா இருக்குமோ? இல்லையே, உதறுறாளே. வெயிலுக்குப் பிடிச்ச குடையை எதுக்கு உதறணும்? ஷூவையும் வெளிய விட்டுட்டா. அப்ப ஈரம்.” குழந்தைங்க விடையைத்தான் தினமும் பாக்கறாங்க, விடைக்குப் போற வழியை யாரும் காட்டறதில்ல. நல்லா படிக்கிறவங்களுக்குள்ள இந்த முணுமுணுப்பு தானா நடக்கும். மத்தவங்களுக்கு அப்படி ஒண்ணு நடக்குதுங்கறதே தெரியாது.

அடுத்த படியா, அந்த வேலையைப் பசங்க கையிலயே கொடுக்கலாம். 1984-ல பாலின்சார், பிரவுன்ங்கிற ஆராய்ச்சியாளர்கள் இதைச் செஞ்சாங்க, அதுவும் சரளமா வாசிச்சும் புரியாத மாணவர்களை வெச்சே. சின்னச் சின்னக் குழு, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மாணவர் டீச்சர். அடுத்து என்ன வரும்னு ஊகிக்கணும், கேள்வி போடணும், புரியாததைத் தெளிவுபடுத்தணும், சுருக்கிச் சொல்லணும்.

நாலுல கேள்வி போடறதுக்குத்தான் என் ஓட்டு. விதி ஒண்ணு வையுங்க: ஒரே வரியில விடை கிடைக்கிற கேள்வி செல்லாது. ஆரம்பத்துல வகுப்பு கப்சிப்னு இருக்கும். நீங்களே ரெண்டு மூணு போட்டுக் காட்டுங்க. அப்புறம் “மீரா ஏன் ஷூவை உள்ள கொண்டுவரல, யார் திட்டுவாங்க?”ன்னு ஒரு வாண்டு கேக்கும் பாருங்க! அந்த மாதிரி உங்க பசங்க கேட்டதைக் கீழ எழுதுங்க, அடுத்த வீடியோவுல ஒண்ணொண்ணா எடுத்து அலசுவோம்.