கரட்டில் வெட்டிய தாயக்கட்டை

வணக்கம். கொட்டகலைப் பக்கம் காலையிலிருந்து ஒரே பனிமூட்டம். எனக்குப் பின்னால் தேயிலை மலை இருக்கிறது, நம்புங்கள்.

இந்த வாரம் எட்டாம் தரத்துக்கு நிகழ்தகவு தொடங்கினேன். தாயக்கட்டையில் ஆறு விழும் நிகழ்தகவு 1/6 என்று போர்டில் எழுதிவிட்டால் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். ஆனால் நம்பமாட்டார்கள். லயத்து வாசலில் லூடோ விளையாடி வளர்ந்தவர்கள் இல்லையா? ஆறு விழுந்தால்தான் காய் வெளியே வரும். "சேர், ஆறு மட்டும் லேசில விழாது சேர்" என்றான் ஒருவன். வகுப்பே தலையாட்டியது.

சரி, போட்டுப் பார்ப்போம் என்றேன். முப்பது பேர், ஆளுக்கு ஆறு தடவை. மேசைக்கடியில் உருண்டு போன கட்டைகளைத் தேடியே பாதி நேரம் போய்விட்டது. 11 பேருக்கு ஓர் ஆறுகூட விழவில்லை. "பாத்தீங்களா சேர்!"

அப்புறம் எல்லாருடையதையும் கூட்டினோம். 180 தடவையில் ஆறு விழுந்தது 27. கணக்குப்படி 30 அளவில் வரவேண்டும், பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த 11 பேரும் கணக்குக்குள் அடங்குவார்கள். ஒரு தடவையில் ஆறு விழாமலிருக்க 5/6. அதையே ஆறு முறை பெருக்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. முப்பதில் பத்துப் பேர்! "மூன்று எத்தனை தடவை விழவில்லை என்று யாராவது எண்ணினீர்களா?" என்று கேட்டேன். சத்தமே இல்லை. மூன்றுக்காக யார் காத்திருக்கிறார்கள்?

மறுநாள்தான் வேடிக்கை. ஒருவன் வீட்டுத் தோட்டத்துக் கரட்டில் கட்டை வெட்டிக்கொண்டு வந்தான். சவர்க்காரத் துண்டு மாதிரித் தட்டையாக, பேனாவால் புள்ளி வைத்தது. அகலமான பக்கத்தில் ஆறு. கள்ளன்! பேசாமல் அறுபது தடவை போடச் சொன்னேன். ஆறு 19 தடவை. முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் ஒன்று 21 தடவை! மற்ற நாலு எண்ணுக்கும் சேர்த்தே 20தான்.

அவனுக்கு விளங்கவில்லை. கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் ஏழு வரவேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டு ஒழுங்காக வெட்டியிருக்கிறான். ஆறுக்கு நேர் எதிரே ஒன்று, அதுவும் அதே அகலம்.

புத்தகத்தில் "கோடாத தாயக்கட்டை", அதாவது எல்லாப் பக்கமும் ஒரே அளவு வாய்ப்போடு விழும் கட்டை, என்று வரும்போதெல்லாம் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடுவோம். இப்போது வகுப்பில் யாரும் தாண்டுவதில்லை. "கரட் கட்டையா, நல்ல கட்டையா சேர்?" என்று கேட்டுவிட்டுத்தான் கணக்கே போடுகிறார்கள்.

கட்டையை உங்களுக்குக் காட்டலாம் என்று கேட்டேன். பசித்ததாம், தின்றுவிட்டான்.